பாங் தொப்பி: காதுக்குச் சுகம், காற்று மட்டும் புகும்

ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமை வேலைக்காகப் பாங்னர்துங் போனேன். ஊர்க்காரர் வாயில் அது வெறும் 'பாங்'. கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே. தெருவழி கிடையாது, இக்கலுவிட்டிலிருந்து சின்ன விமானம்தான். மார்ச் மாதம், மைனஸ் 30. நான் கொண்டுபோன தொப்பி இரண்டாம் நாளே கைவிட்டது.

அன்றிரவு விடுதிச் சாப்பாட்டறைக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடியான இனுவிட் அம்மா ஒருவர் பையோடு வந்தார். கம்பளி நூலில் கொக்கி ஊசியால் (குரோஷே) பின்னிய பாங் தொப்பிகள், சீல் என்கிற கடல்விலங்கின் தோலில் ஒரு சோடி கையுறை. என் கண் போனது கையுறையில். ஆனால் நான் வாங்க நினைத்தது நியூ ஜெர்சியில் இருக்கிற அக்காவுக்கு. அமெரிக்கா 1972இலிருந்து சீல்தோலை உள்ளே விடுவதில்லை. சொன்னதும் சிரித்தார். 1983இல் ஐரோப்பா குட்டிச் சீல் தோலைத் தடை செய்தது. இனுவிட்காரர் பிடிப்பது வளர்ந்த சீல், அதுவும் இறைச்சிக்கு. ஆனாலும் எல்லாத் தோலுக்கும் விலை விழுந்தது. "அப்பா ஸ்கிடூவுக்கு (பனியில் ஓடுற வண்டி) பெற்றோல் அடிச்சது தோல் வித்த காசிலதான்" என்றார். செம்மறி கண்ணிலும் படாத ஊரில், தெற்கிலிருந்து வந்த நூலில் பின்னிய தொப்பிக்கு எல்லையில் ஒரு கேள்வியும் இல்லை!

தொப்பியை அவரே என் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். காதுமூடி தாடை வரை வரும். உச்சியில் நீளக் குஞ்சம். நீலமும் செம்மஞ்சளும் வரிவரியாய், அவ்வளவு வடிவு. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

குறை ஒன்று: பின்னல் இடைவெளியால் ஃபியோர்டுக் (மலைகளுக்கு இடையே புகுந்த ஒடுங்கிய கடல்) காற்று நேரே மண்டைக்குள் இறங்கும். அவருடைய மகன் கடல்பனியில் துளை போட்டு டர்பட் மீன் பிடிக்கிறவர். இப்போதெல்லாம் பனி பிந்தித்தான் இறுகுதாம், போகிற நாளும் குறைஞ்சு போச்சாம். அவரும் இதே தொப்பிதான், ஆனால் மேலே பார்க்கா என்கிற தடித்த குளிர்ச்சட்டையின் தலைமூடியையும் இழுத்து விடுவாராம். நானும் அப்படிச் செய்தேன், பிறகு பிரச்சினை இல்லை.

விடுதிக்கு யாரும் விற்க வராவிட்டால் ஊரிலுள்ள உக்குர்மியுட் கலை நிலையத்தில் கிடைக்கும். அங்கே போனால் 1970இல் தொடங்கிய நெசவுக்கூடத்தின், படம் நெய்த சுவர்த் தொங்கல்களையும் பாருங்கள். அவற்றின் விலை என் கைக்கு எட்டவில்லை.

தொப்பியைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். அக்காவுக்கென்று வாங்கியதை இன்னும் அனுப்பவில்லை, நான்தான் போட்டுத் திரிகிறேன்.