மிஷன் ஆஸ்பத்திரி: வைத்தியத்துக்கு ஐந்து ஸ்டார், ஆள் எடுப்பதற்கு ஒன்று

அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்காக எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் ஓடிவந்து காலடித் தலையணையைச் சரிசெய்தார். நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்த அம்மாவிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

அங்கேயே லேப் டெக்னீஷியன் வேலைக்குத் தங்கை படிவம் வாங்கினாள். ஞானஸ்நானச் சான்றிதழும் போதகர் கடிதமும் கட்டாயமாம். சிற்றாலயத்தில் ஜெபம் நடத்துபவரிடம் கேட்கட்டும், நியாயம். ரத்தம் சோதிப்பவளிடம் எதற்கு?

இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் இயங்கும் சென்னை கொளத்தூர் கபாலீஸ்வரர் கல்லூரி 2021-இல் வேலைக்கு இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்றபோதும் இதையேதான் கேட்டேன். பணியில் சேருபவர் இந்துவாக இருக்க வேண்டும் என்கிற அறநிலையத்துறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றம் 2024-இல் அதை ஏற்றது. சட்டப்படி சரி, மனசு ஒப்பவில்லை.

அடுத்த மாதச் செக்கப்புக்கும் அங்கேதான் போகிறோம். தங்கை மட்டும் வரமாட்டேன் என்கிறாள்.