பள்ளிப் பிள்ளைகளின் உடல் கொழுப்பு: இன்ச் டேப்பா, கேலிப்பரா, மெஷினா?

உடம்பில் உள்ள கொழுப்பை நேரடியாக அளக்கும் கருவி எந்தப் பள்ளிக்கும் கிடைக்காது. எடை மெஷின் எடையைச் சொல்கிறது. இடுக்கி போன்ற கேலிப்பர், விரலால் பிடித்துத் தூக்கிய தோல்மடிப்பின் தடிமனைச் சொல்கிறது. கொழுப்பு மெஷின் என்று சொல்லப்படும் ஸ்மார்ட் ஸ்கேல், உடம்புக்குள் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. 'கொழுப்பு 24 சதவீதம்' என்ற எண் அதற்குப் பிறகு ஒரு சூத்திரத்திலிருந்து வருவது. அந்தச் சூத்திரத்தை எந்த ஊர்ப் பிள்ளைகளை, எந்த வயதுக்காரர்களை வைத்துப் போட்டார்கள் என்பதில்தான் பாதி வில்லங்கம் இருக்கிறது.

பள்ளி ஹெல்த் செக்கப் நெருங்கும்போதெல்லாம் "பிஎம்ஐ போதுமா, கொழுப்பு பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாமா?" என்ற பேச்சு வரும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல உயர அளவுகோல், நல்ல எடை மெஷின், ஒரு இன்ச் டேப், இவை மூன்றும்தான் பள்ளிக்கு முதல் தேவை. பழகிய கை ஒன்று இருந்தால் கேலிப்பர் வாங்கலாம். கொழுப்பு மெஷின் கடைசி.

பிஎம்ஐயிலிருந்தே தொடங்கலாம், எல்லாப் பள்ளியிலும் இருப்பது அதுதான். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை 19ஆம் நூற்றாண்டில் போட்டுப் பார்த்த பெல்ஜியக்காரர் கெட்லே ஒரு புள்ளியியல் ஆள். மனித உடலின் சராசரி அளவுகளைத் தேடியவர் அவர், கொழுப்பை அல்ல.

பெரியவர்களுக்கான 18.5 (அதற்குக் கீழே எடை குறைவு), 25 (அதிலிருந்து அதிக எடை) என்ற கோடுகளை அப்படியே பிள்ளைகளுக்கும் போட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. பத்து வயதுப் பையன் ஒருவன் 140 செ.மீ. உயரம், 39 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்ஐ 19.9. பெரியவர்கள் கணக்கில் அவன் 'நார்மல்'. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் பத்து வயதுப் பையன்களின் நடு அளவு 16.4தான். 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடல்பருமன். ஆக, நம் பையன் அதிக எடைப் பக்கம் வந்துவிட்டான். அவனையே ஷூவைக் கழற்றாமல் நிறுத்தி 142 என்று எழுதியிருந்தால் பிஎம்ஐ 19.3 ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் அலட்சியத்துக்கு இவ்வளவு விலை.

இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், 5 முதல் 18 வயது வரை நமக்கென்று போட்டது. அதில் அதிக எடைக்கும் உடல்பருமனுக்கும், பெரியவர்களின் 23, 27 என்ற பிஎம்ஐக்கு இணையான கோடுகள் இருக்கின்றன. வழக்கமான 25ஐயும் 30ஐயும் விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே பிஎம்ஐயில் இந்திய உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பிறந்த குழந்தைகளிடமே இது தெரிகிறது என்பது யாக்னிக் குழுவின் இன்னொரு ஆய்வு. புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சுமார் 3.5 கிலோ. ஆனால் எடையில் இருந்த அந்தப் பெரிய வித்தியாசம், முதுகுத் தோல்மடிப்பில் அதே அளவுக்கு இல்லை, அதாவது எடை குறைந்தும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

ஆகவே பிஎம்ஐ நம்மிடம் கோட்டைவிடுவது பெரும்பாலும் ஒல்லிப் பிள்ளைகளை. கை, கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் சட்டையைத் தள்ளும். "எங்க பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று அம்மா சொல்வதும் இந்தப் பிள்ளையைத்தான். பிஎம்ஐ 'சரி' என்று சொல்லி அனுப்பிவிடும். மறுபக்கம், பருவமடையும் வயதில் பையன்களுக்கு பிஎம்ஐ ஏறும், ஆனால் கொழுப்புச் சதவீதம் குறையும். ஏறுவது எலும்பும் தசையும். கபடி டீமில் இருக்கும் பையனைக் கூப்பிட்டு "வெயிட்டைக் குறை" என்று பிடி சார் சொல்லுமுன் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும் பிஎம்ஐயைத் தூக்கிப்போட மாட்டேன். ஒரே பிள்ளைக்கு வருஷாவருஷம் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், கோட்டைத் தாண்டி மேலே போகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை எடுத்த எண்ணை விட இதற்கு மதிப்பு அதிகம்.

இன்ச் டேப்பின் பலம், பிஎம்ஐ கோட்டைவிட்ட அந்த வயிற்றைப் பிடிப்பது. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 140 செ.மீ. பையனுக்கு 70. வயதுக்கேற்ற அட்டவணை வேண்டாம், ஆண் பெண் என்று தனிக்கோடு வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, பிள்ளை சாதாரணமாக மூச்சை விட்டதும் படிக்க வேண்டும். தொந்தி உள்ள பிள்ளைகள் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், ஏதாவது பேச்சுக் கொடுத்தால் தானாக விட்டுவிடுவார்கள். பெல்ட்டையும் இன் பண்ணிய சட்டையையும் எடுத்துவிட வேண்டும். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று டேப் சொல்லாது. ஆனால் சர்க்கரை, இதய நோய் என்று பின்னால் தொல்லை கொடுக்கும் கொழுப்பு வயிற்றில் சேர்வதுதான், அதைப் பற்றி ஒரு துப்பு கிடைக்கிறதே.

கேலிப்பர் கொஞ்சம் கைத்தொழில். தோள்பட்டையின் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையின் பின்பக்கத்தில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துத் தூக்கி, தசை மாட்டவில்லை என்று உறுதிசெய்த பிறகு, புள்ளியில் கேலிப்பரை வைக்க வேண்டும். இரண்டு விநாடியில் படித்துவிட வேண்டும், தாமதித்தால் மடிப்பு அமுங்கி எண் இறங்கும். இதை இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு அதிகம் புழங்குவது ஸ்லாட்டர் என்ற ஆய்வாளரின் குழு 1988இல் தந்த சூத்திரம். பெண் பிள்ளைகளுக்கு, மேல்கை மடிப்பையும் கெண்டைக்கால் மடிப்பையும் கூட்டி, 0.610ஆல் பெருக்கி, 5.1 சேர்க்க வேண்டும். 14 மி.மீ., 13 மி.மீ. என்றால் 21.6 சதவீதம். வேறொருவர் அதே பிள்ளையைக் கொஞ்சம் தாராளமாகப் பிடித்து 16, 15 என்று படித்தால் 24. பிள்ளை மாறவில்லை, கைதான் மாறியது. போன வருஷம் ஒரு டீச்சர், இந்த வருஷம் இன்னொருவர் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. அது போக, இந்தச் சூத்திரம் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. அதனால் சதவீதமாக மாற்றாமல் மில்லிமீட்டரிலேயே எழுதி வைப்பதுதான் நல்லது என்பேன். 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் மேல்கை, முதுகு இரண்டு மடிப்புகளையும் எடுத்தார்கள். பயிற்சி இருந்தால் நம் ஊரில் முடியாத காரியம் இல்லை. ஆனால் முதுகு மடிப்புக்குச் சட்டையைத் தூக்க வேண்டும். பள்ளியில் அது வேண்டவே வேண்டாம், அரைக்கைச் சட்டையில் மேல்கை மட்டும் போதும்.

அப்புறம், எல்லோரும் ஆசைப்படும் மெஷின். காலடியில் உள்ள உலோகத் தகடு வழியாக உணர முடியாத மின்சாரத்தை அனுப்புகிறது. தண்ணீர் நிறைந்த தசையில் அது சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைபடும். மெஷின் இதை வைத்து உடம்பின் தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பில்லாத எடையை ஊகித்து, மொத்த எடையில் கழிக்கிறது. மிச்சம்தான் 'கொழுப்பு'. பெரியவர்களின் கொழுப்பில்லாத எடையில் தண்ணீர் சுமார் 73 சதவீதம். பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல், வயதோடு மாறிக்கொண்டும் இருக்கும். பெரியவர்களுக்கான சூத்திரத்தை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளையை ஏற்றினால் கணக்கு எங்கே நிற்கும்? காலை முதல் பீரியடில் ஒரு எண், விளையாடி வியர்த்துவிட்டு வந்தால் இன்னொரு எண். தட்டிவிடும் வயதையோ பாலினத்தையோ மாற்றிப் பாருங்கள், நின்ற இடத்திலேயே கொழுப்பு மாறும். புள்ளிக்குப் பிறகு ஒரு தசமம் வேறு காட்டும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

எக்ஸ்ரேயால் உடம்பை அலசும் டெக்ஸா ஸ்கேன், காற்றறைக்குள் உட்காரவைத்து உடலின் கனஅளவைக் காணும் 'பாட் பாட்' (Bod Pod) கருவி, டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து எச்சிலைச் சோதிப்பது, இவையெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உரியவை. டெக்ஸாவின் கதிர்வீச்சு மிகக் குறைவுதான். ஆனாலும் ஒரு ஸ்கூல் முகாமுக்கு அது எதற்கு?

எதை வைத்து அளந்தாலும் எண்ணை என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளின் பிஎம்ஐயைப் பெற்றோருக்கு எழுதி அனுப்பிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. எடை குறையவில்லை. பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய திருப்திதான் குறைந்தது. அதனால் ஹாலில் வரிசையாக நிற்கவைத்து "நாற்பத்தெட்டு!" என்று கத்தி நோட்டில் எழுதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக, இரண்டு பெரியவர்கள் முன்னிலையில் எடுக்கலாம். வயிறு கோட்டைத் தாண்டியிருந்தால், பிஎம்ஐ 'சரி' என்றாலும், பெற்றோரை நேரில் கூப்பிட்டு, குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம்.

கொழுப்பு மெஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, வீணாகாது. கொழுப்புப் பகுதியை அணைத்துவிட்டு வெறும் எடை மெஷினாக வைத்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட் மேல் வைக்காமல் கெட்டித் தரையில் வைத்து, எடை தெரிந்த ஒன்றை ஏற்றி அவ்வப்போது சரிபாருங்கள்.