ரெஃப்ரெஷ் டியர்ஸ்: ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு இந்தச் சொட்டு மட்டும் போதுமா?

"நாள் பூரா கம்ப்யூட்டர், கண்ணு மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது" என்று மதுரையில் எந்த மெடிக்கலில் கேட்டாலும், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுதான் அநேகமாகக் கைக்கு வரும். அந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ரெஃப்ரெஷ் டியர்ஸ், 10 மில்லி பாட்டில். ஆடிட்டர் ஆபீஸிலும் இ-சேவை மையத்திலும் காலை முதல் திரை பார்க்கிற, மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதே இங்கே கேள்வி. நல்ல சொட்டுதான். ஆனால் பாதி வேலையைத்தான் செய்யும்.

முதலில் அந்தப் பாதி. மருந்து கண்ணின் மேற்பரப்பில் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. 0.5% நீர்த்தது என்பதால் பார்வை அதிகம் மங்காது, வேலைக்கு நடுவிலும் விடலாம். 1% கெட்டியானது, கொஞ்ச நேரம் எழுத்து கலங்கும். அதை இரவு படுக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் கட்டாயம் படிக்க வேண்டியது கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளின் பெயர். ரெஃப்ரெஷ் டியர்ஸில் ஆக்ஸிகுளோரோ காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. கண்ணில் பட்டதும் உப்பாகவும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், அதனால் மென்மையானது. வேறு சில சொட்டுகளில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். அது சோப்பு போலக் கண்ணீர்ப் படலத்தையே கலைத்துவிடும். வறண்ட கண்ணுக்குத் தினமும் அதை விடுவது புண்ணில் உப்பு வைப்பதுதான். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், எதுவும் சேர்க்காத, ஒரு வேளைக்கு உடைத்து விடும் சிறு குப்பிகளுக்கு மாறுங்கள். விலை கூடத்தான், ஆனாலும் அதுதான் சரி. கண் சிவப்பைப் போக்கும் நாஃபசோலின் சொட்டுகளை வாங்கவே வேண்டாம். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

இனி, சொட்டு தொடாத மறுபாதி. "கண்ணுல தண்ணி கொட்டுது, இதுக்குப் போயி வறட்சின்றீங்களே?" என்று பலர் கேட்பார்கள். கண்ணீரின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள்தான் அதைத் தருகின்றன. வயது ஏற ஏற, ஹார்மோன் குறையக் குறைய, அந்த எண்ணெய் பற்பசை மாதிரி கெட்டியாகி சுரப்பியின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். படலம் இல்லாத கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். கண் எரியும், அந்த எரிச்சலுக்கு நீர் கொட்டும். நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் இமைக்கிற கண், திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. அதிலும் பல இமைப்புகள் முழுதாக மூடாதவை. எண்ணெய் வெளியே வர, இமை முழுதாக மூடும்போது விழும் அழுத்தம் வேண்டும்.

இதற்கு வழி ஒத்தடம். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வெந்நீரில் முக்கிப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. மூடிய கண்மேல் வையுங்கள். துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், பலருக்குப் பலன் கிடைக்காததற்கு அதுவே காரணம். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி நனைத்து, பத்து நிமிடம் விடாமல் கொடுங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் மெதுவாக நீவுங்கள். தினமும் செய்தாலும் பலன் தெரியச் சில வாரம் ஆகும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டினால் இதே சுரப்பி வாய்கள்தான் அடைபடும்.

சொட்டு விடும் முறையிலும் தப்பு நடக்கிறது. கீழ் இமையை இழுத்தால் வரும் குழியில் ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாகும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் அதை விட்டுப் போகாதீர்கள்.

மானிட்டரை சி.பி.யூ.வின் மேல் ஏற்றி வைத்தால் கண் அகலத் திறந்து இன்னும் காயும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். டேபிள் ஃபேனை முகத்திலிருந்து திருப்பிவிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் அடிக்கடி செட்ரிசின் போடுபவர்களுக்கு அந்த மாத்திரையே வறட்சியைக் கூட்டலாம்.

நான்கைந்து வாரம் இதெல்லாம் செய்தும் குறையவில்லையா? வாயும் வறண்டு மூட்டும் வலிக்கிறதா? அடுத்த பாட்டில் வாங்காதீர்கள். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது, கண் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஷர்மர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் செருகி, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 5க்குக் கீழே இருந்தால் கண்ணீர் சுரப்பதே குறைவு என்று பொருள். வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.