ஸ்டாரா, வில்லா?

ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யூ கிவ்’, ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ இரண்டும் 2017இல் அமெரிக்காவில் வந்த இளையோர் நாவல்கள். இரண்டிலும் ஒரு கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

முதலாவதில், நண்பன் கலீலைப் போலீஸ்காரர் சுடுவதை 16 வயது ஸ்டார் நேரில் பார்க்கிறாள். அப்பாவின் கடை, வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அவள் தன் பேச்சையே மாற்றிக்கொள்வது என்று 400 பக்கத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தோடு வாழலாம். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, சரி, அந்த அப்பாவுக்காகவே பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முழுக்கக் கவிதை நடை. அண்ணனைக் கொன்றவனைச் சுட, இடுப்பில் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான் 15 வயது வில். ஒவ்வொரு தளத்திலும் செத்துப்போன ஒருவர் ஏறுகிறார், அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்கியே ஆகவேண்டும் என்று அவன் கற்றுவைத்திருக்கிற மூன்று விதிகளும் மாடிக்கு மாடி ஆட்டம் காண்கின்றன. லிஃப்ட் இறங்குவதற்கு ஒரு நிமிடம்தான், ஆனால் படித்து முடித்ததும் நான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

என் ஓட்டு வில்லுக்கே. ஸ்டாரின் கதை எது நியாயம் என்பதைப் பல இடங்களில் விளக்கியே சொல்லிவிடுகிறது. வில்லின் கதையோ அவன் என்ன செய்வான் என்பதைக்கூடச் சொல்லாமல் முடிகிறது, அந்தத் தவிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.