அப்பாவின் பிறிமியம் பொண்ட்: லண்டனில் முடித்த ஓர் அலுவல்

மெல்பேர்னில் குடியேறி இருபது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்குப் போகிறேன் என்று நான் சொன்னால் அது லண்டனின் ஈஸ்ற்ஹாம்தான். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வளர்ந்த இடம், அம்மா இன்றும் இருக்கிற இடம். இந்த யூலையில் நான்கு கிழமை நின்றேன். அப்பா காலமாகி ஒன்பது மாதம். அவருடைய அலுமாரியை ஒழுங்கு பண்ணும்போது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் ஆறு கடதாசிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 100 பவுணுக்கான பிறிமியம் பொண்ட் பத்திரம்.

பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில் வாங்கியவை. லொத்தர் சீட்டைக் கையாலும் தொடாத மனுசன் இதை மட்டும் வாங்கினார். காரணம், போட்ட காசு போகாது. பிரித்தானிய அரசாங்கத்துக்கு நாம் கொடுக்கிற கடன் அது. வட்டி தரமாட்டார்கள். எல்லோருக்கும் போகவேண்டிய வட்டியை ஒன்றாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை குலுக்கல் வைத்துப் பரிசாகக் கொடுப்பார்கள். பரிசுக்கு வரி இல்லை. முதல் வேண்டுமென்றால் எப்போதும் திருப்பி எடுக்கலாம். 1956 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஹரோல்ட் மக்மில்லன் அறிவித்தபோது, எதிர்க்கட்சியில் இருந்த ஹரோல்ட் வில்சன் இதைக் கேவலமான சீட்டிழுப்பு என்று திட்டினார். அந்த வருடம் நவம்பர் 1 விற்பனை தொடங்கியது, 1957 யூன் 1 முதல் குலுக்கல். இப்போது பரிசு 25 பவுணில் தொடங்கி, மாதம் இரண்டு பேருக்குப் பத்து லட்சம் பவுண் வரை போகிறது.

அப்பா வாங்கிய முறை எனக்கு நினைவிருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் நோர்த் தபால் கந்தோரில் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, காசைக் கட்டுவார். பிறகு பத்திரம் தபாலில் வரும். ஒரு பவுணுக்கு ஓர் இலக்கம். 100 பவுண் என்றால் அடுத்தடுத்து நூறு இலக்கம், அதன் தொடக்கமும் முடிவும் பத்திரத்தில் இருக்கும். அப்போது குறைந்தது 100 பவுணுக்கு வாங்க வேண்டும். இன்று 25 பவுண் போதும், ஒருவர் 50,000 வரை வைத்திருக்கலாம். தபால் கந்தோரில் விற்பதை 2015இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது இணையத்தில், தொலைபேசியில், அல்லது காசோலையோடு தபாலில். பழைய ஞாபகத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை பொறுமையாக விளக்கி, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று எழுதியும் தந்தாள்.

கடதாசி கிடைத்ததும் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல், இது தொலைந்திருந்தால் காசும் போயிருக்கும் என்று நினைத்தார். அப்படி இல்லை. பிரித்தானியாவில் பத்திரம் வெறும் சான்றுதான், உரிமை பதிவேட்டில் இருக்கிறது. பெயர், விலாசம், உரிமையாளர் இலக்கம் மூன்றும் அங்கே சரியாக இருந்தால் கடதாசி தேவையில்லை. ஒருவர் பெயரில் மட்டுமே பதியலாம், கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்க முடியாது, இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் பாகிஸ்தான்காரர், அவரிடம் இதைப்பற்றிக் கதைத்தேன். அவர்களுடைய நாட்டில் வழக்கமான பரிசுப் பத்திரத்தில் பெயரே இருக்காதாம். காசுத்தாளைப் போல, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். குலுக்கல் முடிந்தால் இலக்கப் பட்டியலோடு தாளை ஒத்துப்பார்ப்பார்கள், பரிசை ஆறு வருடத்துக்குள் கேட்க வேண்டும். தாள் தொலைந்தால் கதை முடிந்தது. அப்பா அங்கே வாங்கியிருந்தால் அம்மாவின் பயம் சரியாகவே இருந்திருக்கும்.

இங்கே விழுந்த பரிசுக்குக் கெடு இல்லை. இதை வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அறிய வேண்டும். அப்பாவின் உரிமையாளர் இலக்கத்தை இணையத்தில் பரிசு பார்க்கும் பக்கத்தில் தட்டினேன். யாரும் எடுக்காத இரண்டு பரிசுகள், ஒவ்வொன்றும் 50 பவுண். நாங்கள் மனர்பார்க்கிலிருந்து வீடு மாறிய காலத்தில் விழுந்தவை. விலாச மாற்றத்தை அப்பா எல்லோருக்கும் எழுதினார், பொண்ட் கந்தோருக்கு எழுத மறந்துவிட்டார். அந்தத் திகதியைப் பார்த்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த வருடத்தில் எங்களுக்கு 50 பவுண் எவ்வளவு பெரிய காசு!

சரி, இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உரிமையாளர் இறந்த பிறகும் பத்திரங்கள் பன்னிரண்டு மாதம் குலுக்கலில் இருக்கும், விழுகிற பரிசு அவருடைய சொத்தில் சேரும். அதன்பிறகு பரிசு கிடையாது. தொலைபேசியில் கதைத்த அலுவலர் இதை இரண்டு தடவை தெளிவாகச் சொன்னார். மரணச் சான்றிதழையும் படிவத்தையும் சண்டர்லாண்டில் இருக்கிற பொண்ட் கந்தோருக்கு அனுப்பினோம், இரண்டு கிழமையில் பதில் வந்தது. இழுபட்டது வேறு இடத்தில். பரிசுக் காசைப் போடுவதற்காக அம்மா கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போனால், எங்கள் பெயர்கள் பிரச்சினையாகிவிட்டன. கடவுச்சீட்டில் அப்பாவின் தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. பொண்டில் அது மாறி இருக்கிறது. அம்மாவின் கணக்கில் மூன்றாவது விதம். இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் கலியாணச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு போனபோதுதான் ஒருவர் இருந்து வாசித்துப் பார்த்தார், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, எந்தக் கடதாசியில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். துக்கத்தோடு அலைகிற அலைச்சல் அது.

பழைய இலக்கத்துக்குப் பரிசு விழாது என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தான். அது பிழை. குலுக்குகிற பொறிக்குப் பெயர் ஏர்னி. முதல் ஏர்னியைக் கட்டியது லண்டன் டொலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையம். யுத்தகாலத்தில் கொலொசஸ் கணினியைச் செய்தவர்களில் சிலரே இதையும் செய்தார்கள். வெஸ்ற்ஹாமில் யூபிலி ரயில் ஏறி வெம்பிளிக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் டொலிஸ் ஹில் ரயில் நிலையத்தைக் கடந்திருக்கிறோம், இது தெரியாமலே. முதல் பொறி நியோன் குழாய்களில் எழும் இரைச்சலிலிருந்து இலக்கம் எடுத்தது. 2019இல் வந்த ஐந்தாவது ஏர்னி ஒளியின் குவாண்டம் இயல்பை வைத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்கிறது. யாருடைய இலக்கம் எது என்று அதற்குத் தெரியாது. அது இலக்கங்களைப் பிறப்பிக்கும், பிறகுதான் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். ஆகவே பழையதும் புதியதும் ஒன்றுதான். நான் பார்த்த நேரத்தில் ஒரு பவுணுக்கு மாதம் ஏறத்தாழ 22,000இல் ஒரு வாய்ப்பு இருந்தது. 600 பவுண் என்றால் சராசரியாக மூன்று வருடத்துக்கு ஒரு பரிசு. விலைவாசியோடு பார்த்தால் அப்பாவின் காசு தேய்ந்துதான் போயிருக்கிறது, அதை மறைக்க முடியாது. வளரவேண்டிய சேமிப்பை முழுதாக இதில் போடச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் அம்மா தம்பியின் மகளுக்கு 100 பவுணுக்கு வாங்க வேண்டும் என்றார். பேத்திக்குப் பேத்தியார் வாங்கலாம், பதினாறு வயது வரை பார்த்துக்கொள்ளத் தாய் தகப்பனில் ஒருவரைக் காட்டவேண்டும். தம்பியின் விபரத்தைக் கொடுத்து யூலை 29 வாங்கினோம். வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் முழுக்கக் கையில் இருந்தால்தான் குலுக்கலுக்குப் போகும், ஆகவே அவளுக்கு முதல் குலுக்கல் செப்டெம்பரில். அம்மா ஒரு கொப்பி எடுத்து, பிள்ளையின் இலக்கத்தையும் அப்பாவின் இலக்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தார்.

அப்பாவின் பத்திரங்களை இப்போதே காசாக்கலாமா என்று கேட்டேன். “ஒக்ரோபர் மட்டும் இருக்கட்டும்” என்றார். ஓகஸ்ட் 2 ஹீத்றோவில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது அழைத்தார். தானே இலக்கத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

“இந்த மாதம் ஒன்றும் விழேல்லை, தம்பி. அப்பாவுக்கு இன்னும் இரண்டு தரம் இருக்கு.”