மூன்று பிஎஸ்பிகளும் ஏழு ஆண்டுகளும்

என்னிடம் சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் 1000, 2000, 3000 என மூன்று பதிப்புகள் இருக்கின்றன. மூன்றுமே யாரோ விளையாடித் தேய்த்துவிட்டு விற்றவை. ஏழு ஆண்டுகள் மாற்றி மாற்றிக் கையாண்ட பிறகு, இன்று எந்தப் பயணத்திலும் என் பையில் இருப்பது 2000தான். முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம். நான் தொடங்கியதோ 3000இலிருந்து.

காரணம் திரை. 2008இல் வந்த அந்தப் பதிப்பின் வண்ணங்களைப் புகழாதவர் கிடையாது. புகழ்ச்சியில் பொய்யும் இல்லை. சிவப்பு சிவப்பாகவே தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் முந்தைய பதிப்புகள் அளவுக்குக் கண் கூசாது. ஒரு வாரம் அந்த மயக்கத்தில் இருந்தேன். பிறகு கார் பந்தயம் ஒன்றில், வளைவில் திரும்பும்போது சாலையோரக் கம்பங்கள் சீப்புப் பற்களைப் போலப் பிரிவதைப் பார்த்துவிட்டேன். படம் வேகமாக நகரும்போது மட்டும் தலைகாட்டும் கிடைக்கோடுகள் அவை. பழுது அல்ல, அந்தத் திரையின் இயல்பே அப்படித்தான். மென்பொருளைப் புதுப்பித்தாலும் போகாது. பலர் கடைசிவரை கவனிப்பதே இல்லை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பல்லிடுக்கில் சிக்கிய நார்தான், நாக்கு அங்கேயே போகும். நிதானமாக நகரும் கதை விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு 3000ஐயே வாங்கலாம்.

அடுத்து எதிர்த்திசையில் ஓடி 1000ஐ வாங்கினேன். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான முதல் வடிவம். எடை 280 கிராம். 2000 வெறும் 189 கிராம். காகிதத்தில் சிறிய வித்தியாசம், படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினால் மணிக்கட்டு சொல்லும். ஆனால் அந்தக் கனத்தில் ஓர் உறுதி இருக்கிறது. விளையாட்டு வட்டு வைக்கும் மூடி விசைப்பிடியுடன் கம்பீரமாகத் திறக்கும். பேட்டரியின் கொள்ளளவும் 1800 எம்ஏஎச். பின்னால் வந்தவற்றில் 1200தான். குறை, இருண்ட காட்சிகளில் நகரும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடுவது. குகைக்குள் ஓடினால் நானும் என் ஆவியும் சேர்ந்தே ஓடுவோம்.

2000இல் இந்த நிழல் குறைவு, அந்தக் கோடுகளும் இல்லை. நினைவகம் 32 எம்பியிலிருந்து 64 எம்பியாகியிருக்கிறது. கூடுதல் பாதி, வட்டிலிருந்து தரவை முன்கூட்டியே எடுத்து வைக்க உதவுகிறது. சில விளையாட்டுகளில் காத்திருக்கும் நேரம் குறைவது தெளிவாகவே தெரியும். யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்யலாம் (அமைப்புகளில் அதை இயக்கிவிட வேண்டும்). பயணத்தில் தனி சார்ஜரைச் சுமக்காமல் தப்பித்தது இதனால்தான். வட்டு மூடி மட்டும் மெல்லியது. அவசரமாகத் திறப்பவர்கள் கையில் உடைந்துவிடும்.

இவ்வளவு ஒப்பிட்டாலும், பழைய கருவி என்று வரும்போது பதிப்பு எண்ணுக்கு முன்னால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். நான் பாடம் கற்றது 1000இல். விற்றவர் சார்ஜரில் செருகியபடியே விளையாட்டை ஓட்டிக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பேட்டரியே இல்லாமலும் பிஎஸ்பி சார்ஜரில் இயங்கும் என்பது அப்போது தோன்றவில்லை. வீட்டில் பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி பொரிபோல் உப்பியிருந்தது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கச் சொல்லுங்கள், மூடியைக் கழற்றிப் பாருங்கள். உப்பல் இருந்தால் அதை அழுத்தவோ மறுபடி சார்ஜ் செய்யவோ வேண்டாம். பிறகு ஒரு விளையாட்டைத் திறந்து அனலாக் குமிழிலிருந்து (கட்டைவிரலால் நகர்த்தி ஆடும் குமிழ்) விரலை எடுங்கள். விளையாட்டில் வரும் உருவம் தானாக நடந்தால் குமிழ் தேய்ந்திருக்கிறது. வட்டையும் போட்டுச் சுழலவிட்டுக் கேளுங்கள். மெல்லிய கிர்ர் ஒலி சகஜம், திரும்பத் திரும்ப முயன்று நிற்பது சகஜமல்ல.

பிஎஸ்பியில் செருகும் நினைவக அட்டைகளான மெமரி ஸ்டிக்குகளில் போலிகள் ஏராளம். நான் மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் பொருத்தித்தான் பயன்படுத்துகிறேன்.

‘பிஎஸ்பி கோ’ (PSP Go) என்ற இன்னொரு பதிப்பையும் வாங்க யோசித்தேன். 3.8 அங்குலத் திரை, உள்ளேயே 16 ஜிபி, சட்டைப் பைக்கு ஏற்ற அளவு. ஆனால் வட்டுக்கே இடமில்லை, பேட்டரியும் எளிதில் கழலாது. பிஎஸ்பிக்கான இணையக் கடையில் புதிதாக வாங்கும் வசதியும் 2021 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. அலமாரி நிறைய வட்டுகளை வைத்திருக்கும் எனக்கு அது அழகான பூட்டிய வீடு.

3000 இப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. 2000இலும் விளையாட்டைப் பெரிய திரையில் காட்டலாம், ஆனால் அதற்குக் காம்பொனென்ட் கேபிளும் (படத்தைப் பல முனைகளில் பிரித்து அனுப்புவது) அதற்கேற்ற தொலைக்காட்சியும் தேவை. 3000 சாதாரண மஞ்சள் முனைக் கேபிளிலும் காட்டிவிடும். சுற்றிலும் கறுப்புச் சட்டம் விட்டு நடுவில்தான் படம் வரும், பழகிவிட்டது.

1000ஐ விற்க இரண்டு முறை துடைத்து எடுத்து வைத்தேன். இரண்டு முறையும், கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு வட்டைப் போட்டுப் பார்ப்போம் என்று அந்த மூடியைத் திறந்தேன். அலமாரியில்தான் இருக்கிறது.