கப் கேடட் 102: பத்துக் குதிரைத்திறனும் ஒரு கண்டென்சரும்

என் பழைய புல்வெட்டி டிராக்டரான கப் கேடட் 102 பற்றிய நல்லதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் இக்னிஷனில் இருக்கும் கண்டென்சர் என்ற சிறு துண்டின் பேச்சை எடுத்துவிட்டால் பிறகு நல்லது சொல்ல மனம் வராது.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960களின் நடுவில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் செய்த வண்டி இது. வீட்டுத் தோட்டத்துக்கானது என்று பெயர்தான். பின்பாகம், அதே ஆலையில் தயாரான ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரின் கியர்பெட்டி வழிவந்தது. எஞ்சினிலிருந்து கியர்பெட்டி வரை பெல்ட் கிடையாது, ஓர் இரும்புத் தண்டு நேராகப் போய்ச் சுழற்றுகிறது. இன்று கடையில் நிற்கும் புல்வெட்டி டிராக்டர்களில் பெரும்பாலானவை பெல்ட்டை நம்பியே நகர்கின்றன. ஈரப் புல்லில் மேடு ஏறிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஊரில் மகிந்திராவின் பி-275 டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இந்த உறவுமுறை சுவையாக இருக்கும்: அந்த வண்டியும் 1963-இல் இதே அமெரிக்க நிறுவனத்தோடு மகிந்திரா கூட்டுச் சேர்ந்ததால் வந்ததுதான்.

எஞ்சின் கோலர் கே241. வார்ப்பிரும்பு, ஒற்றை சிலிண்டர், 10 குதிரைத்திறன். சிலிண்டருக்குள்ளே மாற்றக்கூடிய தனி உறை (ஸ்லீவ்) இல்லை. தேய்ந்தால் பிளாக்கின் துளையையே கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்ற வேண்டும். எனக்கு முதல் ஓவர்சைஸிலேயே சுத்தமாக வந்துவிட்டது. ஆயில் பம்பும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு துடுப்பு எண்ணெயை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சரிவில் ஓட்டுகிறவர் ஆயில் மட்டத்தைப் பார்க்காமல் ஏறி உட்காரக் கூடாது.

நான் எதிர்பார்க்காத இன்பம் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைதான். பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றிவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அதே பெல்ட் அதைத் திருப்பிச் சுழற்ற, பேட்டரிக்கு மின்சாரம் தரும். பல்சக்கரம் பாய்ந்து கடிக்கும் அந்த நாராசச் சத்தமே இல்லை. கனமான ஃபிளைவீல் மெதுவாகப் புரண்டு, இரண்டு அடி அடித்து, ஓடத் தொடங்கிவிடும். வேலை எதுவும் இல்லாத நாளிலும் இதற்காகவே ஒரு முறை ஸ்டார்ட் செய்துவிட்டு அணைப்பதுண்டு. வீட்டில் கேட்டால் பேட்டரியைச் சோதிக்கிறேன் என்பேன்.

நல்லது முடிந்தது.

வண்டி ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். எஞ்சின் முழுச் சூடு ஏறியதும், புல் அடர்ந்த மூலையில், ஒரு முறை தடுமாறி நின்றுவிடும். எவ்வளவு சுழற்றினாலும் பிடிக்காது. நன்றாக ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும். யாரிடம் சொன்னாலும் ஒரே வைத்தியம்தான்: "கார்புரேட்டரைக் கழற்று." கூடவே எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு நாலு திட்டு. பெட்ரோலுக்கு நான் வக்கீல் இல்லை. குளிர்காலம் முழுவதும் டாங்கில் விட்டுவைத்தால் அது என்ன செய்யும் என்பது தெரிந்ததே. ஆனால் நின்ற கணத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது. ஸ்பார்க்தான் மஞ்சளாக, நூல்போல, வரலாமா வேண்டாமா என்று வருகிறது.

குற்றவாளி கண்டென்சர். கப்பாசிட்டர் என்பதும் இதைத்தான். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தகர உருளை. பிளாட்டினம் பாயிண்ட் என்பது எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச். அது திறக்கும்போது, பிளக்குக்கு ஸ்பார்க் தரும் காயிலில் ஓடிய மின்சாரம் நிற்க மனமில்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதுதான் இந்த உருளையின் ஒரே வேலை. அது வாங்காவிட்டால் பாயிண்ட்டில் பொறி பறக்கிறது. பிளக்குக்குப் போக வேண்டிய வலு அங்கேயே கரைகிறது. பாயிண்ட்டின் முகம் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் முளை என்று கெடுகிறது. முகம் கெட்டால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் டைமிங் மாறும். 0.020 அங்குலம் என்று ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை இடைவெளியில் வைத்துப் பார்த்ததெல்லாம் பேச்சுக்குத்தான். ஸ்பார்க் வர வேண்டிய இடத்தைக் காட்டும் ஃபிளைவீலின் 'எஸ்' குறி, பார்ப்பதற்கென்று உள்ள ஜன்னலுக்கு நேராக வரும் கணத்தில் பாயிண்ட் திறக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்து மறுபடியும் சரிசெய்ய வேண்டும். நிதானமாகச் செய்தால் இனிமையான வேலை. அடிக்கடி செய்தால் தண்டனை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கழற்றி மேசையில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 0.2 மைக்ரோஃபாரட் சுமாருக்கு ஒழுங்காகக் காட்டும். மீட்டர் கொடுப்பதோ சில வோல்ட். வண்டியில் அது தாங்க வேண்டியது நூற்றுக்கணக்கான வோல்ட், அதுவும் கை வைக்க முடியாத சூட்டில். குளிர்ந்த மேசையில் அது உத்தமன். புதிதாக வாங்கிய உருளைகளில் ஒன்றுகூட எனக்கு ஒரு கோடையை முழுதாகத் தாண்டியதில்லை. டிராக்டரோடு வந்த பழையது, எலி கடித்த வயரோடு, அவற்றைவிட நீண்ட நாள் ஓடியது. அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பளபளக்கும் பெட்டியில் 'அசலுக்கு நிகர்' என்று அச்சடித்து விற்பவர்களை என்ன செய்வது என்று சொன்னால் நாகரிகமாக இருக்காது.

இப்போது 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒன்றை, எஞ்சின் சூடு எட்டாமல் காற்று படும் இடத்தில் தள்ளிப் பொருத்தியிருக்கிறேன். மின்சுற்றுக்கு வேண்டியது அந்த இணைப்புதான், அந்தத் தகர உருவம் இல்லை. பழமை குலையக் கூடாது என்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களில் பலரின் வண்டி கண்காட்சிக்கு டிரெய்லரில் போய் டிரெய்லரில் திரும்புகிறது, புல்லைக் கண்டதில்லை. பாயிண்ட்டையே தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடு என்பவர்களும் உண்டு. நியாயமான யோசனை. எனக்கு வேண்டாம். அது கெட்டால் தூக்கிப் போட வேண்டும். பாயிண்ட் கெட்டால் உப்புத்தாள் போதும்.

நியாயமாகப் பார்த்தால் டிராக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கியர்பெட்டி, கிளட்ச், பிளேடு டெக், பனி தள்ளும் தகடு என எதிலும் குறை சொல்ல முடியவில்லை. சில டாலர் பெறாத ஒரு துண்டுக்காக இவ்வளவு நல்ல இரும்பைத் திட்டுவது அநியாயம்தான்.

ஆனால் இல்லினாயில் ஓர் ஏக்கரோடு வீடு வாங்கியிருக்கும் நண்பர், விளம்பரத்தில் வந்த ஒரு 102-இன் படத்தை அனுப்பி, "அண்ணா, எடுக்கலாமா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்றுதான் எழுதினேன். ஐந்து நட்சத்திர எஞ்சின், ஐந்து நட்சத்திர கியர்பெட்டி, இருந்தும் வேண்டாம். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டி முடிந்தால் போதும் என்பவருக்கு இது ஆகாது. எதையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது என்பவர் என்னைக் கேட்க மாட்டார், ஏற்கெனவே வாங்கியிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஒன்றே ஒன்று: வண்டியோடு விற்பவரின் கொட்டகையில் பழைய எஞ்சின் சாமான்கள் நிறைந்த டப்பா இருந்தால், விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். உள்ளே கண்டென்சர் இருந்தால் காட்டிக்கொள்ள வேண்டாம்.